விசிறியும் அன்ஸாரும்



‘ஃபேன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று, கூரையில் சுழல்வது. மற்றொன்று, ஒரு நடிகருக்கோ விளையாட்டு வீரருக்கோ, இப்போதெல்லாம் ஒரு மார்க்கப் பேச்சாளருக்கோ மனத்தைக் கொடுத்துவிட்டு, தன்னை அவருடைய ஆள் என்று சொல்லிக்கொள்பவர். தமிழ்ப் பத்திரிகையுலகம் வேடிக்கையாக இரண்டையும் ஒன்றாக்கி ‘விசிறி’ என்று மொழிபெயர்த்தது. வேடிக்கை நாளடைவில் வழக்காகிவிட்டது. ‘நான் அவருடைய தீவிர விசிறி’ என்று எழுதுபவருக்கு இன்று பனையோலை நினைவுக்கு வருவதில்லை.

உண்மையில் ஆங்கிலத்தில் இவை உறவில்லாத இரு சொற்கள். எழுத்தும் ஓசையும் மட்டுமே ஒன்று. காற்று வீசும் ஃபேனின் வேர் லத்தீன் மொழியின் ‘வன்னுஸ்’. அது பதரை நீக்கித் தானியத்தைப் பிரித்தெடுக்கும் கூடை. நம் பாட்டிமார் கையிலிருந்த சுளகுக்கு உறவு. ஆளைக் குறிக்கும் ஃபேனோ ‘ஃபனாட்டிக்’ என்ற நீண்ட சொல்லின் முன்பாதி. அதன் வேர் ‘ஃபானும்’, அதாவது கோவில். கோவிலைச் சேர்ந்தவன், தெய்வம் ஏறப்பெற்றவன் என்பது ‘ஃபனாட்டிகுஸ்’ என்பதன் பொருள். பண்டைய உரோமில் பெல்லோனா என்ற போர்த்தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசம் வந்து தம் கைகளைத் தாமே கீறிக்கொள்வார்கள். அத்தகையோருக்கு வழங்கிய பெயர் இது. ஆங்கிலத்துக்கு வந்தபோது மதவெறியர் என்ற வசைச்சொல்லாக நின்றது. 17ஆம் நூற்றாண்டில் அரசின் திருச்சபைக்கு அடங்காத கிறித்தவர்களை அதன் எதிராளிகள் இச்சொல்லால் ஏசினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அமெரிக்கப் பேஸ்பால் செய்திகளில் அது சுருங்கி, ஆட்டத்தின்மேல் பித்துக்கொண்டவரைக் குறிக்கும் செல்லப்பெயராகியது. குத்துச்சண்டைப் பிரியர்களைக் கூட்டமாக ‘ஃபேன்சி’ என்று அழைத்த வழக்கிலிருந்து வந்தது என்பாரும் உளர். ஆயினும் அகராதிகள் பெரும்பாலும் முதல் கருத்தின் பக்கமே சாய்கின்றன.

இதைச் சொன்னவுடன், ‘அப்படியானால் ஃபேன் என்று சொல்வது ஹராமா, ஹஜ்ரத்?’ என்று கேட்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இல்லை. சொற்கள் பிறந்த வீட்டை மறந்து வாழும் இயல்புடையவை. மூதாதையின் குற்றத்துக்காகப் பேரனைத் தண்டிப்பது நம் மார்க்கத்தின் முறையன்று. சொல்லுக்கும் அந்த நீதி பொருந்தும். என் கவலை வேறு. பிறந்த வீட்டை மறந்துவிட்ட இந்தச் சொல், அங்கே கற்ற நடத்தையை மறந்ததா என்பதே அது.

மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டில் எமினெம் என்ற அமெரிக்கப் பாடகர் ‘ஸ்டான்’ என்ற பாடலை வெளியிட்டார். பாடகன் ஒருவனுக்குக் கடிதம் எழுதியெழுதி, பதில் வராததால் தன்னையும் தன்னை நம்பிய பெண்ணையும் மாய்த்துக்கொள்ளும் ஓர் இளைஞனின் கதை அது. எச்சரிக்கையாக வந்த பெயரையே பிற்காலத்து இளைஞர்கள் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். ‘நான் இன்னாருடைய ஸ்டான்’ என்று பெருமையோடு எழுதுகிறார்கள். சொல் அகராதியிலும் ஏறிவிட்டது. பித்து என்ற பொருளிலிருந்து தப்பிவந்த ஒரு சொல் போதவில்லை என்று, பித்துக்கே புதிய சொல் தேடியிருக்கிறது காலம்.

இது இக்காலத்து நோய் மட்டுமன்று. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 532இல், கான்ஸ்டான்டினோபிள் நகரில் தேர்ப்பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள். தேரோட்டியின் சட்டை நிறம்தான் கட்சியின் பெயர். அரசன்மேல் கொண்ட கோபம் பந்தயத் திடலில் மூண்டது. இரு நிறத்தாரும் ஒன்றுசேர்ந்து கலகத்தில் இறங்கினார்கள். நகரின் பெரும்பகுதி எரிந்தது. கலகம் அடக்கப்பட்டபோது மாண்டவர்கள் சுமார் 30,000 பேர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். அந்தத் தீயில் அழிந்த பெரிய தேவாலயத்தின் இடத்தில்தான் ஜஸ்டினியன் மன்னன் புதிய கட்டடத்தை எழுப்பினான். இஸ்தான்புல் செல்லும் நம்மவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்துவரும் அயா ஸோஃபியா அதுவே. அந்தக் குவிமாடத்தின் அடியில் பந்தய ரசிகர்கள் இட்ட சாம்பல் இருக்கிறது என்பதை வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வார்களா, தெரியாது.

நமக்கு அருகிலும் பார்த்துவிட்டோம். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் ஒரு கிரிக்கெட் அணியின் வெற்றியைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் யாரையும் வெறுத்து அங்கே போகவில்லை; நேசித்துத்தான் போனார்கள். அல்லாஹ் அவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பானாக.

ஆங்கிலத்தில் இதே இடத்தில் வழங்கும் மற்றொரு சொல் ‘ஸப்போர்ட்டர்’. இதன் லத்தீன் வேர் எளிமையானது: கீழிருந்து சுமப்பவர். ஃபேன் என்பவர் ஒருவரை அண்ணாந்து பார்க்கிறார். ஸப்போர்ட்டர் தோள் கொடுக்கிறார். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கலந்து பேசுகிறார்கள் என்றாலும், வேர் சொல்லும் வேறுபாடு பெரிது. தமிழில் ஆதரவாளர் என்கிறோம். இந்த ‘ஆதரவு’ என்ற சொல்லுக்கு நம் சமூகத்தின் மொழியில் தனியொரு மணம் உண்டு. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை கொள்வதை ‘ஆதரவு வைத்தல்’ என்று நம் உலமாக்களின் தர்ஜமாக்களில் படித்திருப்பீர்கள். எவரிடம் ஆதரவு வைக்கலாம், எவருக்கு ஆதரவு கொடுக்கலாம் என்ற இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சொல்லே நமக்குப் போதிய பாடம்.

இங்கே என் மக்தபில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மாலை வகுப்புக்கு வரும் பத்து வயதுப் பையன் ஒருவன் மஞ்சள் ஜெர்சி அணிந்து வந்தான். முதுகில் 7 என்ற எண்ணும் ரொனால்டோவின் பெயரும். ரியாத் நகரத்து அல் நஸ்ர் கழகத்தில் 2022 டிசம்பரில் அவர் சேர்ந்ததிலிருந்து நம் ஊர்ச் சந்துகளில் இந்த மஞ்சள் நிறம் பெருகிவிட்டது. அன்று பாடம் ‘இதா ஜாஅ’ ஸூரா. பையன் தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, ‘உஸ்தாதே, இந்த நஸ்ரும் அந்த நஸ்ரும் ஒன்றா?’ என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரே சொல்தான் என்றேன். நஸ்ர் என்றால் உதவி. அந்த உதவியால் கிடைக்கும் வெற்றியும் நஸ்ரே. உதவுகிறவர் நாஸிர். உதவுகிறவர்கள் அன்ஸார். அன்று மாலை முழுவதும் வேறு பாடம் நடக்கவில்லை.

அரபு மொழி இன்று பந்தய ரசிகனுக்கு ‘முஷஜ்ஜிஃ’ என்ற வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. துணிவூட்டுபவன் என்று பொருள். ஆனால் ஆதரவாளர் என்ற சொல்லை அதன் முழு எடையோடு சுமந்தவர்கள் மதீனாவாசிகள். அகபாவில் இரண்டாம் முறை பைஅத் செய்ய வந்தவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும் என்று ஸீரா நூல்கள் குறிக்கின்றன. அவர்கள் கை நீட்டியது கைதட்டுவதற்காக அன்று. தம் மனைவி மக்களைக் காப்பதுபோல் காப்போம் என்று உயிரைப் பணயம் வைத்து வாக்குக் கொடுத்தார்கள். பிறகு ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதற்குத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டதும் நாம் அறிந்ததே. தமக்கே தேவை இருந்தும் பிறரை முன்வைத்தவர்கள் என்று ஸூரத்துல் ஹஷ்ர் அவர்களுக்குச் சான்று பகர்கிறது. ஃபேன் தருவது தன் நேரத்தையும் தன் குரலையும். அன்ஸார் தந்தது வீட்டையும் தோட்டத்தையும்.

இவ்வளவோடு நின்றால் இது நாம் மீலாது மேடைகளில் கேட்டுப் பழகிய பேச்சாகவே முடிந்துவிடும். நான் சொல்லவந்தது இதற்கு அப்பாலுள்ளது.

அந்த அன்ஸார்களில் ஒருவரான அனஸ் இப்னு மாலிக் (ரலி) அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஹதீஸ் ஒன்று உண்டு. உன் சகோதரன் அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயத்துக்கு உள்ளானவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்ற பொருள்பட நபியவர்கள் சொன்னார்கள். ஸஹாபாக்கள் திகைத்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவனுக்கு உதவுவது புரிகிறது; அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவனுடைய கையைப் பிடித்துத் தடுத்துவிடுவதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. இங்கே வரும் ‘உதவு’ என்ற ஏவல் அதே நஸ்ர் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே, தடுப்பதும் நஸ்ர். கையைப் பிடித்து நிறுத்துபவனும் அன்ஸாரி.

ஃபேன் என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை. தன் நாயகனின் கையைப் பிடித்துத் தடுத்த ஃபேனை யாராவது கண்டதுண்டா? தடுத்த மறுநொடி அவன் ஃபேன் அல்லன், துரோகி. நம் இளைஞர்கள் சமூக வலைத்தளங்களில் ‘முட்டுக் கொடுத்தல்’ என்ற சொல்லை எள்ளலாக வழங்குகிறார்கள். தன் தலைவர் என்ன செய்தாலும் நியாயம் கற்பிப்பதற்குப் பெயர் அது. பாவம், முட்டு. குலை தள்ளிய வாழை சாயாமலிருக்கக் கொடுப்பதல்லவா முட்டு? இடிந்து விழவேண்டிய சுவருக்குக் கொடுத்துக் கொடுத்து அந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது.

கெட்ட பெயர் சொல்லுக்கு எவ்வளவு எளிதாக வரும் என்பதற்கு இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. அதை அறிவிப்பவர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி), அவரும் அன்ஸாரியே. ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரைப் பின்புறம் தட்டிவிட்டார். சிறிய பூசல். அடிபட்டவர், ‘அன்ஸார்களே!’ என்று கூவினார். மற்றவர், ‘முஹாஜிர்களே!’ என்று கூவினார். சத்தம் கேட்ட நபியவர்கள், இது என்ன ஜாஹிலிய்யாக் கூப்பாடு என்று கேட்டு, இதை விட்டுவிடுங்கள், இது நாற்றமடிப்பது என்றார்கள்.

ஹதீஸின் இந்த இடத்தில் நின்று நிதானிக்கவேண்டும். கூவப்பட்டவை ஏதோ குலப் பெயர்கள் அல்ல. அன்ஸார், முஹாஜிர் என்ற இரண்டும் அல்லாஹ் குர்ஆனில் புகழ்ந்த பெயர்கள். தோள் கொடுத்ததற்காகக் கிடைத்த பெயர், கட்சி கட்டுவதற்குப் பயன்பட்ட கணத்திலேயே நாற்றமடிக்கத் தொடங்கிவிட்டது. நீலம், பச்சை என்று கூவிய கான்ஸ்டான்டினோபிள் கூட்டத்தின் குரல் மதீனாவாசிகளின் வாயிலும் ஒரு கணம் எழுந்தது. எழுந்த இடத்திலேயே அணைக்கப்பட்டது.

அன்ஸார்கள் வாய்மூடி நின்றவர்களும் அல்லர். பத்ருக் களத்தில் நபியவர்கள் முகாமிட்ட இடத்தைக் கண்ட ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி), இந்த இடம் அல்லாஹ் காட்டித் தந்ததா, அல்லது போர்த் தந்திரம் குறித்த அபிப்பிராயமா என்று அதபோடு கேட்டதாக இப்னு இஸ்ஹாக் முதலியோர் எழுதுகிறார்கள். அபிப்பிராயமே என்று பதில் வந்தபின், நீர்நிலைக்கு நெருங்கிய வேறிடத்தை அவர் காட்டினார். படை இடம் மாறியது. கேள்வியின் வரிசையைக் கவனியுங்கள். வஹீயாக இருந்தால் பேச்சே இல்லை. அபிப்பிராயமாக இருந்தால் ஆலோசனை உண்டு. அல்லாஹ்வின் தூதரிடமே இந்தப் பிரிவினை செல்லுபடியானது என்றால், அவர்களுக்குப் பின் வந்த எவரிடம் செல்லாது?

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் இதைத் தினமும் கிதாபில் காண்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இரு பெரும் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் எத்தனையோ மஸாயில்களில் உஸ்தாதிடமிருந்து மாறுபட்டார்கள். ‘ஸாஹிபைன் சொல்கிறார்கள்’ என்று ஓதாமல் ஒரு பாடத்தைக் கடக்க முடியாது. அதனால் அவர்கள் மத்ஹபைவிட்டு விலகியவர்கள் ஆகவில்லை, மத்ஹபின் தூண்களானார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் காலடியில் ஓதியவர்கள்; பின்னர் தனி வழி கண்டார்கள்; உஸ்தாதின் மீதான மரியாதையில் ஓர் இழையும் குறையவில்லை. இதை எந்தச் சொல்லால் அழைப்பது? விசிறி என்ற தவறான மொழிபெயர்ப்பை இங்கே மட்டும் நான் ஏற்றுக்கொள்வேன். சுளகு என்ற பழைய பொருளில். தானியத்தைக் கீழே கொட்டாமல் பதரை மட்டும் பறக்கவிடும் கை அந்த மாணவர்களுடையது.

இனி, என்னை இதை எழுதத் தூண்டிய குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு தாய்க்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் என்னிடம் குர்ஆன் ஓதியவர்கள். மூத்தவர் ஒரு பேச்சாளரின் பயான்களைக் கேட்பவர், இளையவர் வேறொருவருடையவற்றை. அந்த இரு பேச்சாளர்களும் ஓரிரு மஸ்அலாக்களில் ஒருவரையொருவர் மறுத்துக் காணொளி வெளியிட்டார்கள். சகோதரர்கள் அவற்றை மாற்றி மாற்றிக் குடும்ப வாட்ஸப் குழுமத்தில் அனுப்பினார்கள். முதலில் ஸலாம் குறைந்தது. பிறகு ஒருவர் இருக்கும் வேளையில் மற்றவர் தாயைக் காண வருவது நின்றது. இளையவரின் நிக்காஹில், ‘அந்தப் பக்கத்து ஹஜ்ரத் குத்பா ஓதுகிறார்’ என்ற காரணத்துக்காக மூத்தவர் வலீமா விருந்தில் கைநனைக்கவில்லை. அந்த இரண்டு பேச்சாளர்களுக்கும் இப்படியொரு வீடு இருப்பதே தெரியாது. அவர்கள் ஒரு மேடையில் சந்தித்தால் முஸாஃபஹா செய்துகொள்வார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் பிரபலங்களின் பக்கங்களில் ‘ஃபேன் ஆகுங்கள்’ என்ற பொத்தான் இருந்தது. 2010இல் அதை ‘லைக்’ என்று மாற்றிவிட்டார்கள். பொத்தானில் இருந்து போன சொல் நம் மனங்களில் குடியேறிவிட்டது போலும். ஆலிமின் பேச்சுக்குக் கீழே நம் பிள்ளைகள் எழுதும் பின்னூட்டங்களையும் படநடிகரின் காணொளிக்குக் கீழே எழுதப்படுபவற்றையும் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சிங்கம், வெடி, நெத்தியடி. மர்யமின் மகனை நஸாராக்கள் வரம்புமீறிப் புகழ்ந்ததுபோல் தம்மைப் புகழவேண்டாம், தம்மை அல்லாஹ்வின் அடியார் என்றும் அவனுடைய தூதர் என்றும் சொன்னால் போதும் என்று தம்மைப்பற்றியே எல்லை வகுத்துச் சென்ற நபியின் உம்மத் நாம்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒன்றே: ‘ரெண்டு பேருல யாரு சொல்றது சரின்னு நீங்களே சொல்லிடுங்க, ஹஜ்ரத். மத்தவன் அடங்கிடுவான்.’ அவருடைய வேதனை புரிந்தது. ஆனால் நான் ஒரு பக்கம் சொன்னால் அந்த வீட்டில் மூன்றாவது கட்சி பிறக்கும். எனவே இருவரையும் ஓர் அஸருக்குப் பின் பள்ளியில் உட்காரவைத்தேன். ஹிஜ்ரி 11இல் கிலாஃபத் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்களின் முதல் உரையைச் சொன்னேன். தாம் மக்களில் சிறந்தவர் அல்லர் என்று தொடங்கி, நன்றாக நடந்தால் தமக்கு உதவுமாறும், தவறினால் தம்மை நிமிர்த்துமாறும் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பதவியேற்கும் நாளில் ஒரு தலைவர் தம் ஆதரவாளர்களிடம் கேட்ட இரண்டு காரியங்கள் அவை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவன் பாதி ஆதரவாளன் என்றேன்.

மூத்தவர், ‘எங்க ஹஜ்ரத்தை நிமிர்த்த நான் யாரு?’ என்றார். நியாயமான கேள்வி, தக்வா உள்ள கேள்வியும்கூட. இல்மில் இறங்கிப் பேச அவருக்குத் தகுதி இல்லை என்பது உண்மை. ஆனால் கடந்த ஓராண்டாக அதே இல்மில் தம்பியைத் தீர்ப்பளித்துக் குழுமத்தில் எழுத அந்தத் தகுதிக்குறைவு தடையாக இருக்கவில்லையே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இளையவர் புன்னகைத்தார். அவரிடம் இருக்கும் காணொளிகளும் குறைவில்லை என்று நினைவூட்டினேன்.

இருவருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அடுத்த வாரம் வரும்போது, மற்றவருடைய ஹஜ்ரத்தின் பயானை ஒரு முழு மணிநேரம், துண்டு துண்டாக அல்ல, ஒரே அமர்வில் கேட்டு, அதிலிருந்து தாம் அமல் செய்யத்தக்க ஒரு விஷயத்தைக் கொண்டுவரவேண்டும். யாருடைய குறையையும் கொண்டுவரக்கூடாது. புறம் பேச நம் பள்ளிவாசலில் இடம் இல்லை.

மூத்தவர் சொன்ன நாளில் வந்தார். தாய் தந்தைக்காகத் துஆச் செய்வது குறித்து அந்த ஹஜ்ரத் பேசியதைக் குறிப்பெடுத்து வந்திருந்தார். முழுவதையும் கேட்டேன், நன்றாகத்தான் பேசுகிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இளையவர் அந்த வாரம் வரவில்லை. கடையில் சரக்கு இறங்கும் நாள் என்று தகவல் அனுப்பினார். வரும் வியாழன் அஸருக்குப் பின் காத்திருப்பேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். மூத்தவரும் உடனிருப்பதாகச் சொல்கிறார்.